அவர் எடுத்த படம், நீங்கள் எழுதிய கடிதம்: எதை எந்தச் சட்டத்தால் நீக்கலாம்?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் முப்பதுகளில் இருக்கும் ஒரு வாசகி. பெயர், ஊர், நாடு, வேலை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன். 2022-ல் கடுமையான மனச்சோர்வுக்காக 12 நாள் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். அப்போது கூடவே இருந்தவர் ஒன்பது வருடத் தோழி. அவருக்கு நீளமான மின்னஞ்சல்களும் நள்ளிரவுச் செய்திகளும் போயிருக்கின்றன. பிறகு உறவு முறிந்தது. இப்போது அந்தத் தோழி, முறிந்துபோன நட்பைப் பற்றி ஆறு பகுதிகளாக எழுதிப் பொதுவில் போட்டிருக்கிறார்.

அந்தத் தொடரில், வாசகி அனுப்பிய 900 சொல் மின்னஞ்சலில் பாதிக்கு மேல் அப்படியே வந்திருக்கிறது. நான்கு ஸ்கிரீன்ஷாட்கள் இருக்கின்றன. ஒன்றில் வாசகியின் கைபேசி எண் மறைக்கப்படவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் வாசகியைத் தோழி எடுத்த படம் ஒன்று, வாசகி தானே எடுத்த செல்ஃபி ஒன்று. மற்றபடி நோய், மருந்து, அழுகை எல்லாம் தோழியின் சொந்த வார்த்தைகளில். பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் இரண்டு பேர் அடையாளம் கண்டு கேட்டுவிட்டார்கள்.

தளத்துக்குப் புகார் அனுப்பியதற்கு, "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது. "காப்புரிமை நோட்டீஸ் போடு, ஒரே நாளில் எல்லாம் போய்விடும்" என்று யாரோ சொல்ல, தொடர் முழுவதற்கும் சேர்த்து, புனைபெயரில் ஒரு நோட்டீஸ் எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறார். "படத்தில் இருப்பது நான், ஆகவே படம் என்னுடையது. ஆனால் மின்னஞ்சலை நானே அவளுக்குக் கொடுத்துவிட்டேன், அது இனி அவளுடையது. அவள் எழுதியதெல்லாம் உண்மை என்பதால் சட்டம் எனக்கு உதவாது. நான் எதையும் பதிவு செய்யவில்லை. இந்த நோட்டீஸை அனுப்பலாமா?" என்று கேட்கிறார்.

வணக்கம் சகோதரி.

அந்த நோட்டீஸை இன்று அனுப்பாதீர்கள். அதில் ஒரு பகுதி சரியானது, பலன் தரக்கூடியது. மற்றொரு பகுதி உங்களையே சிக்கலில் மாட்டிவிடும். எது எந்தப் பகுதி என்று பிரிப்பதற்குத்தான் இந்தப் பதில்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். "காப்புரிமை" என்று எழுதியிருக்கிறீர்கள், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கான உரிமை. எழுத்துக்கும் படத்துக்கும் உள்ளது பதிப்புரிமை. சில புகார்ப் படிவங்களில் இரண்டும் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கலாம். தவறான பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் புகார் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு சட்டங்கள், இரண்டு கேள்விகள்

பதிப்புரிமை கேட்பது ஒன்றே ஒன்று: இதை ஆக்கியவர் யார்? அந்தரங்க உரிமை கேட்பது வேறொன்று: இது யாரைப் பற்றியது? உங்கள் படத்தை ஆக்கியவர் தோழி, அது உங்களைப் பற்றியது. உங்கள் மின்னஞ்சலை ஆக்கியவரும் நீங்கள், அது யாரைப் பற்றியதோ அவரும் நீங்கள். இந்த இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு பொருளிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தொடர் முழுவதற்கும் சேர்த்து ஒரே கேள்வி கேட்டதுதான் உங்கள் வரைவின் முதல் பிழை.

இந்த இரண்டும் குழம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தரங்க உரிமை பதிப்புரிமையின் மடியில் வளர்ந்த பிள்ளை. 1849-ல் தீர்ப்பான ஓர் இங்கிலாந்து வழக்கைப் பாருங்கள். விக்டோரியா அரசியும் இளவரசர் ஆல்பர்ட்டும் தங்கள் சொந்த மகிழ்ச்சிக்காகச் செதுக்கிய சித்திரங்களின் அச்சுகள் வெளியே கசிந்தன. ஒருவர் அவற்றைக் கண்காட்சியாக வைக்கத் திட்டமிட்டு, ஒரு விவரப் பட்டியலும் தயாரித்தார். நீதிமன்றம் கண்காட்சியோடு அந்தப் பட்டியலையும் தடுத்தது. பட்டியலில் இருந்தவை சித்திரங்களைப் பற்றிய விவரிப்புகள்தான். 1890-ல் வாரன், பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளியிடாத ஒன்றை விவரிப்பதையே சட்டம் தடுக்கிறது என்றால் அது காப்பது சொத்தை இல்லை, மனிதரை என்று வாதிட்டார்கள். தனி உரிமையாக அந்தரங்கம் பேசப்படத் தொடங்கியது அங்கிருந்துதான். உங்களைப் பற்றித் தோழி எழுதிய தொடரிலும் இதே பிளவு இருக்கிறது: உங்கள் வரிகள் ஒரு பக்கம், உங்களைப் பற்றிய அவருடைய வரிகள் மறுபக்கம்.

மின்னஞ்சல்: நீங்கள் நினைப்பதைவிட வலுவான இடம்

கொடுத்துவிட்டதால் அது அவருடையது என்று நினைக்கிறீர்கள். 1741-லேயே ஆங்கில நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. கவிஞர் அலெக்சாண்டர் போப் எழுதிய கடிதங்களை ஒரு பதிப்பாளர் அச்சிட்டபோது, காகிதம் வேண்டுமானால் பெற்றவருக்குச் சொந்தமாகலாம், அதிலிருக்கும் சொற்களை வெளியிடும் உரிமை அவருக்குப் போகாது என்றது தீர்ப்பு. 280 வருடங்கள் கழித்து இதே சட்டம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. பிரிட்டன் இளவரசர் ஹாரியின் மனைவி மேகன் மார்க்கல் தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தின் பகுதிகளை ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை வெளியிட்டது. 2021-ல் உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. அந்தரங்க மீறல், பதிப்புரிமை மீறல் இரண்டும் நிலைநின்றன. கடிதம் பெற்றவரின் கையில்தான் இருந்தது; அது பத்திரிகைக்கு உதவவில்லை.

உங்கள் மின்னஞ்சலும் இரண்டு கேள்விகளுக்கும் "நான்" என்று பதில் சொல்கிறது. அதனால் இதுதான் உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான பொருள். பதிவு செய்யவில்லையே என்ற கவலை வேண்டாம். 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் உலகின் பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன. அதன்படி, எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு, முத்திரை எதுவும் தேவையில்லை. அமெரிக்காவில் மட்டும், அந்நாட்டு ஆக்கங்களுக்கு வழக்குப் போடும் முன் பதிவு வேண்டும். ஆனால் பதிவு விவரங்கள் அங்கே பொது ஆவணம். அந்தரங்கத்தைக் காப்பதற்காக அந்தரங்கக் கடிதத்தைப் பொது அலுவலகத்தில் கொண்டுபோய் வைப்பது நன்றாக யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

"மேற்கோள்தானே காட்டினேன்" என்று தோழி சொல்லலாம். மேற்கோள் உரிமை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் பெர்ன் உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவு அதைச் சட்டப்படி ஏற்கெனவே பொதுவில் வந்த ஆக்கங்களுக்குத்தான் தருகிறது. உங்கள் மின்னஞ்சல் ஒருவருக்கு மட்டும் போனது. அமெரிக்காவின் "நியாயமான பயன்பாடு" கொஞ்சம் நெகிழ்வானது. அங்கேகூட ஆக்கம் வெளியாகாதது என்பதும் பாதிக்கு மேல் எடுத்தாண்டதும் அவருக்கு எதிராகவே எடைபோடப்படும்.

ஸ்கிரீன்ஷாட்: உள்ளே போய் எண்ணிப் பாருங்கள்

நீங்கள் அனுப்பிய இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்டில் 14 செய்திகள். ஒன்பது உங்களுடையவை, ஐந்து அவருடையவை. அவருடைய ஐந்தின் மேல் உங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. உங்கள் ஒன்பதிலும் ஆறு, "ம்", "சரி", "தூக்கம் வரல" போன்றவை. இவை யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியவை, பதிப்புரிமைக்குத் தேவையான சொந்தப் படைப்புத்தன்மை இவற்றில் இல்லை. மீதி மூன்று நீளமான செய்திகள், நீங்கள் யோசித்து எழுதியவை. அவற்றுக்கு உரிமை கோரலாம். நீளம் பெரிய தடையில்லை. 11 சொல் கொண்ட துண்டுகூட, எழுதியவரின் சொந்த அறிவு வெளிப்பாடாக இருந்தால் காப்புப் பெறலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2009-ல் சொன்னது.

ஆக, ஸ்கிரீன்ஷாட்களில் பதிப்புரிமை ஓட்டைச் சல்லடை மாதிரி. இங்கே முதன்மையாகப் பிடிக்க வேண்டியது அந்தரங்கத்தை. கைபேசி எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எண் வெறும் தகவல், அதில் யாருக்கும் பதிப்புரிமை இல்லை. ஆனால் அனுமதியில்லாமல் ஒருவரின் எண்ணை வெளியிடுவதைப் பெரிய தளங்கள் எல்லாமே தம் விதிகளில் தடுக்கின்றன. உங்கள் பழைய புகார் தள்ளுபடியானதன் காரணமும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் "தொந்தரவு" என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்து, தொடரின் முதல் பக்க முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள். பார்ப்பவர் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார், ஒரு நட்பின் கதை தெரிகிறது, மூடிவிடுகிறார். "தனிப்பட்ட தகவல் வெளியீடு" என்ற பெட்டியில், அந்த ஒரு படத்தின் நேரடி முகவரியைக் கொடுத்து, "மேலே வலது மூலையில் என் எண் தெரிகிறது" என்று ஒரு வரி எழுதுங்கள்.

கட்டில் படமும் செல்ஃபியும்

வலிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன்: கட்டில் படத்தின் பதிப்புரிமை உங்களுடையதில்லை. படத்தில் இருப்பவர் யார் என்பதைப் பதிப்புரிமைச் சட்டம் பார்ப்பதில்லை. கோணம் பார்த்து, நேரம் பார்த்து எடுத்தவர்தான் பொதுவாக ஆக்கியவர். யாருடைய கைபேசி என்பதும் பொருட்டில்லை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களுக்குச் சில நாடுகளில் வேறு விதி உண்டு. இந்தியச் சட்டம் வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதவரை எடுக்கச் சொன்னவரையே உரிமையாளர் ஆக்குகிறது. பிரிட்டன் 1988-ல் உரிமையை எடுத்தவருக்கு மாற்றிவிட்டது. ஆனால் சொந்த, வீட்டுத் தேவைக்காக எடுக்கச் சொன்னவருக்கு, அந்தப் படங்கள் பொதுவில் வராமல் தடுக்கும் தனி உரிமையை அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 85-ஆம் பிரிவில் வைத்தது. இரண்டு உரிமைகளும் ஒரே சட்டப் புத்தகத்தில் கைகுலுக்கும் அழகான இடம் அது. உங்கள் படம் இந்த வகையில் வராது.

ஆனால் இதே படம் அந்தரங்கப் பக்கம் மிக வலுவானது. நோயாளியாக, மருத்துவமனையில், கட்டிலில் இருக்கும் ஒருவரின் படம். அந்தரங்கத்தை எதிர்பார்க்க இதைவிட நியாயமான சூழல் எது? உடல்நலத் தகவலுக்கு ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் தனிச் சிறப்புக் காப்பே தருகிறது.

இந்தப் படத்தை நீங்கள் பதிப்புரிமை நோட்டீஸில் சேர்த்திருப்பதுதான் ஆபத்து. அமெரிக்காவில் ஒரு நடிகை, தன்னை ஏமாற்றிப் படமெடுத்து இணையத்தில் போட்ட காட்சியால் கொலை மிரட்டல்களுக்கு ஆளானார். அதை நீக்க அவர் பிடித்தது பதிப்புரிமையை. 2014-ல் மூவர் அமர்வு நீக்கச் சொன்னது. 2015-ல் முழு அமர்வு அதை மாற்றியது. அவருடைய அச்சம் உண்மையானது என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்தத் துன்பம் பதிப்புரிமை காக்கும் வகையைச் சேர்ந்ததில்லை, காட்சியின் ஆசிரியரும் அவர் இல்லை என்றார்கள். தவறான கதவைத் தட்டினால் நியாயமானவரும் தோற்பார்.

செல்ஃபி உங்களுடையது, பதிப்புரிமையும் சேர்த்து. நீங்கள் முன்பு ஏதோ ஒரு தளத்தில் போட்டிருந்தாலும், அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதி தோழிக்குப் போகாது. ஓரம் வெட்டியிருப்பதும் வண்ணம் மாற்றியிருப்பதும் உரிமையை மாற்றாது. உங்கள் கைபேசியில் இருக்கும் மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். நாள், நேரம், கருவி விவரமெல்லாம் அதற்குள் பதிந்திருக்கும். செய்திச் செயலி வழியாக அனுப்பிய நகலில் அவை பெரும்பாலும் அழிந்துவிடும், படமும் சுருங்கியிருக்கும். அந்த நகலைச் சான்றாக நம்ப வேண்டாம்.

அவருடைய சொந்த வரிகள்

தொடரின் பெரும்பகுதி இதுதான். இதில் பதிப்புரிமை முழுக்க அவருடையது. உங்கள் நோய், நீங்கள் உண்ட மருந்து, நீங்கள் அழுத இரவு என்பவை தகவல்கள். தகவலுக்குப் பதிப்புரிமை எந்த நாட்டிலும் இல்லை.

"எழுதியதெல்லாம் உண்மைதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை என்பது அவதூறு வழக்குக்கான எதிர்வாதம். அந்தரங்க வழக்கில் அது எதிர்வாதமே இல்லை. அந்தரங்கம் காப்பதே உண்மையான தகவல்களைத்தான். பெயர் இல்லை என்பதும் முடிவான பதில் ஆகாது. தெரிந்தவர்கள் அடையாளம் காண முடிகிறதா என்பதுதான் கேள்வி. அந்த இரண்டு அலுவலக நண்பர்கள் கேட்ட செய்திகளைச் சேமித்து வையுங்கள், அவையே சான்று.

உங்கள் நிலைக்கு மிக நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. கனடாப் பாடகி லோரீனா மெக்கென்னிட்டைப் பற்றி அவருடைய முன்னாள் தோழி ஒரு நூல் எழுதினார். உடல்நலம், துக்கம் எல்லாம் அதில் இருந்தன. "இது நானும் வாழ்ந்த அனுபவம், சொல்ல எனக்கும் உரிமை உண்டு" என்பது தோழியின் வாதம். 2006-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நட்பின் நம்பிக்கையில் தெரிந்துகொண்டவை, கூட இருந்ததாலேயே வெளியிடத்தக்கவை ஆகிவிடாது என்றது. அவரிடம் சொன்னதே என் தவறா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, இல்லை. நம்பிச் சொன்னது கேட்டவர் மீது கடமையை ஏற்றுகிறது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது.

அதே நேரத்தில் அவருக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. 12 நாள் உங்களோடு இருந்த களைப்பு, நட்பு முறிந்த வருத்தம், இவற்றை அவர் எழுதலாம். அதையும் தடுக்கப் போனால் நீதிமன்றம் கருத்துரிமையின் பக்கம் சாயும். நீங்கள் கேட்க வேண்டியது தொடரின் மரணத்தை இல்லை. நோயின் பெயர், மருந்து, மருத்துவமனை விவரங்கள், உங்களை அடையாளம் காட்டும் குறிப்புகள், இவை நீக்கப்படுவதை.

"தனி மனிதர் எழுதியதற்கெல்லாம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா?" என்று யாராவது உங்களைக் குழப்பலாம். வீட்டுப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு, சரி. ஆனால் உலகமே பார்க்கும்படி வெளியிடுவது வீட்டுப் பயன்பாடு ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003-ல் ஒரு ஸ்வீடன் வழக்கில் சொல்லிவிட்டது. அதில் ஒரு தேவாலயத் தன்னார்வலர், சக ஊழியர் ஒருவர் காலில் அடிபட்டு அரைநேர விடுப்பில் இருக்கிறார் என்று தன் பக்கத்தில் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியே உடல்நலத் தகவல் என்று தீர்ப்பானது. ஜிடிபிஆர் பொருந்தும் இடத்தில் நீக்கக் கோரினால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலானவற்றுக்கு மேலும் இரண்டு மாதம் நீட்டலாம். கருத்துரிமைக்கான விலக்கு அங்கும் இருக்கிறது.

பதிப்புரிமை நோட்டீஸ் உங்களிடம் என்ன கேட்கும்

பதிப்புரிமை நோட்டீஸ் வேகமானது என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டப்படி, முறையான நோட்டீஸ் வந்தும் உடனே நீக்காத தளம் தன் சட்டக் கவசத்தை இழக்கும். அதனால் தளங்கள் முதலில் நீக்கிவிட்டுப் பிறகுதான் யோசிக்கின்றன. அந்தரங்கப் புகாருக்கு இப்படியொரு அழுத்தம் பொதுவாக இல்லை. விதிவிலக்கு, அனுமதியில்லாமல் வெளியான பாலியல் படங்கள்: அமெரிக்காவின் 2025 சட்டம் அவற்றை 48 மணி நேரத்தில் நீக்கச் சொல்கிறது. உங்கள் விஷயம் அந்த வகை இல்லை. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் இந்தப் பதிலைப் படித்தால், ஸ்டாப்என்சிஐஐ சேவையைப் பாருங்கள். படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாமலே அதன் எண்ரேகையை (படத்தை அடையாளம் காட்டும் எண் குறியை) மட்டும் தளங்களுக்கு அனுப்பும்.

வேகத்துக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டியது உங்கள் பெயரை. நோட்டீஸில் கையொப்பம், தொடர்பு விவரம், "இதன் உரிமையாளர் சார்பில் பேச எனக்கு அதிகாரம் உண்டு" என்ற, பொய்யானால் தண்டனைக்குரிய உறுதிமொழி எல்லாம் வேண்டும். தளம் நோட்டீஸை எதிர்த்தரப்புக்கும் அனுப்பும். கூகுள் போன்ற நிறுவனங்கள் தமக்கு வரும் நோட்டீஸ்களின் நகலை லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்துக்கும் அனுப்புகின்றன. தொலைபேசி எண், முகவரி மறைக்கப்படும், பெயர் பெரும்பாலும் மறைக்கப்படாது. பெயரில்லாத ஒரு தொடரோடு உங்கள் உண்மைப் பெயரை நீங்களே கட்டிவிடும் ஆபத்து இது. புனைபெயர் இதற்குத் தீர்வாகாது. அது நோட்டீஸையே செல்லாததாக்கும். ஒரு வழக்கறிஞரை முகவராக வைத்து அனுப்பினால் கையொப்பமும் தொடர்பு முகவரியும் அவருடையவையாக இருக்கும். ஆனால் உரிமையாளர் பெயரைத் தனியாகக் கேட்கும் படிவங்களும் உண்டு. அங்கே உங்கள் பெயர்தான் போகும்.

அடுத்து, எதிர் நோட்டீஸ்: நீக்கியது தவறு என்று எதிர்த்தரப்பு தளத்துக்கு எழுதுவது. தோழி அதை அனுப்பினால், டிஎம்சிஏ-படி 10 முதல் 14 வேலை நாளுக்குள் நீங்கள் வழக்குப் போடாவிட்டால் பதிவு திரும்ப வரும். இந்திய விதிகளில் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வேண்டும். இல்லையென்றால் தளம் மீண்டும் போட்டுவிடலாம். தெரிந்தே பொய்யான உரிமை கோரினால் இழப்பீடு கொடுக்க வேண்டியது நீங்கள்தான். கட்டில் படத்தையும் அவருடைய வரிகளையும் உங்கள் ஆக்கம் என்று எழுதியிருக்கும் வரைவு நேராக இந்தக் குழியில்தான் விழும்.

இந்த ஆயுதம் தவறாகவும் பயன்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் சில மருத்துவர்கள், அந்தரங்கப் பாதுகாப்பு ஒப்பந்தம் என்ற பெயரில், நோயாளிகள் இனி எழுதப்போகும் விமர்சனங்களின் பதிப்புரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கினார்கள். எதிர்மறையான விமர்சனம் வந்தால் "என் ஆக்கம்" என்று நீக்கலாம் அல்லவா? 2016-ல் ஒரு சட்டமே போட்டு அத்தகைய ஒப்பந்த விதிகளைச் செல்லாதவை ஆக்கினார்கள். தளங்கள் பதிப்புரிமை நோட்டீஸ்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இப்படிப்பட்டவையும் காரணம். உங்களுடையது சுத்தமாக இருக்க வேண்டும்.

எந்த வரிசையில்

முதலில் சான்று. எதைக் கேட்பதற்கும் முன், ஆறு பகுதிகளையும் முழுப் பக்கமாகச் சேமியுங்கள்: முகவரி, நாள், நேரம் தெரியும்படி. மின்னஞ்சலின் மூலப் பிரதி, அரட்டையின் முழு ஏற்றுமதி இரண்டையும் தனியாக வையுங்கள். பொது இணையக் காப்பகங்களில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடாதீர்கள். பலர் சான்றுக்காக அப்படிச் செய்கிறார்கள், பிறகு அங்கிருந்து நீக்க இன்னொரு போராட்டம்.

அன்றைக்கே கைபேசி எண் புகார். கூகுளிலும் எண், முகவரி, மின்னஞ்சல் தேடலில் தெரிந்தால் நீக்கக் கோரும் படிவம் இருக்கிறது. அது தேடல் முடிவை மட்டும் நீக்கும், பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

அதன் பிறகு கட்டில் படத்துக்கும் உடல்நல விவரங்களுக்கும் அந்தரங்கப் புகார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. மின்னஞ்சல், மூன்று நீளமான செய்திகள், செல்ஃபி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை நோட்டீஸைக் கடைசியாக வையுங்கள், பெயர் வெளிப்படும் ஆபத்தை ஏற்கிறீர்கள் என்றால் மட்டும். நோட்டீஸில் உள்ளடக்கத்தைத் திரும்பச் சொல்லாதீர்கள், மின்னஞ்சலை இணைக்காதீர்கள். இப்படிப் போதும்:

"ஆக்கம்: 2022 ஜூனில் நான் எழுதி, ஒருவருக்கு மட்டும் அனுப்பிய, எங்கும் வெளியிடாத மின்னஞ்சல். மீறல்: கீழ்க்கண்ட முகவரியில், 3-ஆம் பகுதியில், 'அன்றைக்கு' என்று தொடங்கும் நான்கு பத்திகள்."

மூன்று பேர் அந்தத் தொடரிலிருந்து படங்களை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள் என்றீர்கள். ஒவ்வொரு நகலும் தனி மீறல், தனிப் புகார். மூலப் பக்கம் நீங்கிய பிறகும் தேடலில் பழைய வரிகள் தெரிந்தால், காலாவதியான முடிவுகளைப் புதுப்பிக்கக் கோரும் கூகுள் கருவி இருக்கிறது.

உங்கள் தரப்பை விளக்கிப் பொதுவில் பதில் எழுதுவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். அடையாளம் தெரியாத கதைக்கு நீங்களே முகம் கொடுத்துவிடுவீர்கள். பிறகு அந்தரங்கத்தை எதிர்பார்த்தேன் என்று சொல்வதும் கடினம்.

தோழியோடு எழுத்தில் ஒரு தீர்வு

கடிதத்தில் நீங்கள் தொடாத வழி இது. நான் மிகவும் நம்பும் வழியும் இதுதான். ஒரு வழக்கறிஞர் மூலம் மரியாதையான, குறுகிய கடிதம் போகட்டும்: எவை நீங்க வேண்டும், எவற்றை நீங்கள் எதிர்க்கவில்லை என்று இரண்டையும் சொல்லி. ஒப்புக்கொண்டால், ஒப்பந்தத்தில் கட்டில் படத்தின் பதிப்புரிமையை உங்கள் பெயருக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். கையொப்பமிட்ட எழுத்து மூலமாக. அது உங்கள் கைக்கு வந்த பிறகு, நாளை வேறு யார் அந்தப் படத்தைப் போட்டாலும் உரிமையாளராகவே நீங்கள் நோட்டீஸ் அனுப்பலாம். இன்றைக்கு உங்களிடம் இல்லாத வேகமான வழி அந்தப் படத்துக்கும் கிடைத்துவிடும்.

எழுதும்போது காலமும் பரப்பும் குறிப்பிட மறக்க வேண்டாம்: "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்". இந்தியச் சட்டத்தில் காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

அவர் மறுத்தால் நீதிமன்றம். அங்கே போகும்முன் வழக்கறிஞரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: என் பெயரை மறைத்து வழக்குத் தொடர முடியுமா, ஆவணங்களை மூடிய உறையில் தர முடியுமா? கால வரம்பையும் கேளுங்கள். பதிப்புரிமைக்குப் பல நாடுகளில் மூன்று ஆண்டு போலக் கிடைக்கும், அவதூறுக்கு இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஓராண்டுதான். தொடரின் முதல் பகுதி வெளியாகி நான்கு மாதம் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கறிஞரை இந்த மாதமே பாருங்கள். எண் புகாரை மட்டும் இன்றிரவே அனுப்பிவிடுங்கள்.